விருந்தாளியின் பணம் எந்த ஊரில் தங்குகிறது?

கோட்டயத்துக்கு மேற்கே, வேம்பநாட்டுக் காயலின் கரையில் இருக்கிறது குமரகம். கடல் மட்டத்துக்குக் கீழே நெல் விளையும் குட்டநாட்டு மண். வீட்டுக்கு வீடு வாய்க்கால், வாய்க்காலுக்கு ஒரு தோணி. 1990-களில் இந்தக் காயல்கரை நெடுக ரிசார்ட்டுகள் எழுந்தன. 2000-ஆம் ஆண்டின் கடைசி நாள்களில் அன்றைய பிரதமர் வாஜ்பாய் ஓய்வுக்காக இங்கே வந்து தங்கினார். அதன்பின் இந்தியா முழுக்கக் குமரகத்தின் பெயர் தெரிந்துபோனது.

ஊர்க்காரர்களுக்கு அந்தப் புகழால் என்ன கிடைத்தது? காயலில் இறங்கும் பழைய வழிகள் குறுகின. வயல்கள் மண் கொட்டி மேடாக்கப்பட்டன. வலை வீசிப் பிழைத்தவர்களுக்கும், முங்கிக் கக்கா எனும் சிப்பியை அள்ளியவர்களுக்கும் தண்ணீர்ப் பரப்பு சுருங்கியது. ஹவுஸ்போட்டுகளின் கழிவு அவர்கள் குளித்த அதே தண்ணீரில் கலந்தது. ரிசார்ட் சமையலறைக்கு வேண்டிய காய், தேங்காய், மீன், பால் எல்லாம் வெளிச்சந்தையிலிருந்து வண்டியில் வந்து இறங்கின. சுற்றுலாவுக்கு எதிராக ஊருக்குள் முணுமுணுப்பு எழுந்ததில் வியப்பில்லை. நிலமும் நீரும் ஊருடையவை, கல்லாப்பெட்டி மட்டும் வேறு யாருடையதோ.

2007-இல் கேரள அரசு ஒரு சோதனையைத் தொடங்கியது. கோவளம், குமரகம், தேக்கடி, வயநாடு ஆகிய நான்கு இடங்களில் உள்ளூர் மக்களின் பங்கோடு சுற்றுலாவை நடத்திப் பார்ப்பது என்று முடிவானது. நான்கில் முதலில் வேர்விட்டது குமரகம்தான். காரணம் எளிமையானது. அங்கே வேலையை விளம்பரத்திலிருந்து ஆரம்பிக்கவில்லை, சமையலறையிலிருந்து ஆரம்பித்தார்கள்.

ஊராட்சி, சுற்றுலாத் துறை, ரிசார்ட் நிர்வாகங்கள், குடும்பஸ்ரீ பெண்கள் என எல்லாரும் ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள். குடும்பஸ்ரீ 1998-இல் கேரளத்தில் தொடங்கப்பட்ட மகளிர் குழு அமைப்பு. நம்மூர் சுய உதவிக் குழுக்களை அறிந்தவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. ரிசார்ட்டுகளுக்கு அன்றாடம் என்னென்ன காய் எத்தனை கிலோ தேவை என்று கணக்கெடுத்தார்கள். அதற்கேற்ப யார் எதைப் பயிரிடுவது என்று நாள்காட்டி போட்டார்கள். பெண்கள் ஐந்து ஐந்து பேராகச் சேர்ந்து, தரிசாகக் கிடந்த நிலங்களைப் பிடித்து விதைத்தார்கள். 2008 மார்ச்சில் ஊர்த் தோட்டத்துக் காய்கள் ரிசார்ட் வாசலுக்குப் போயின.

சொல்வது சுலபம். ரிசார்ட்டுக்குத் தினமும் ஒரே அளவு வேண்டும். நிலமோ ஒரு வாரம் கொட்டிக் கொடுக்கும், மறுவாரம் கையை விரிக்கும். ஒரு நாள் வெண்டைக்காய் முற்றி இருந்தாலும் சமையல்காரர் திருப்பி அனுப்பிவிடுவார். விலையிலும் இழுபறி உண்டு. சந்தை விலை ஏறும்போது விவசாயி வருந்துவார், இறங்கும்போது ரிசார்ட் முகம் சுளிக்கும். இதற்காகவே விலையைத் தீர்மானிக்க ஒரு குழு, தரம் பார்க்க ஒரு குழு என இரண்டு ஏற்பாடுகள் செய்தார்கள். ரிசார்ட் வாங்காமல் விட்டது வீணாகாமல் இருக்க ஊருக்குள்ளேயே விற்பனைக்கு வழி செய்தார்கள். கிராமச் சுற்றுலா என்றாலே பலருக்கும் வண்ணப் படங்களும் கோலமிட்ட வாசலும்தான் நினைவுக்கு வரும். அதன் உயிர் இருப்பது இந்த விலைக் குழுவில்தான். முற்றிய வெண்டைக்காயைப் பற்றிப் பேசித் தீர்க்க ஓர் இடம் இல்லாத ஊரில் இந்த முயற்சி ஓராண்டு தாங்காது.

காய்கறிக்குப் பின்னால் மற்றவை வந்தன. சப்பாத்தி செய்து கொடுக்கும் குழு, இளநீர் கொடுக்கும் குழு, மீன் சுத்தம் செய்யும் குழு, சிங்காரிமேளம் கொட்டும் பெண்கள் குழு என்று வரிசை நீண்டது. கோயில் திருவிழாக்களில் ஆண்களே பெரும்பாலும் தோளில் மாட்டும் செண்டையைக் குமரகத்துப் பெண்கள் எடுத்துக் கொட்டியது, வருமானத்தைத் தாண்டிய ஒரு மாற்றம். அடுத்து வந்தது கிராம வாழ்க்கையைக் காட்டும் பயணம். தோணியில் வாய்க்கால் வழியே வரும் விருந்தாளி, கயிறு திரிக்கும் வீட்டிலும் தாழம்பாய் முடையும் வீட்டிலும் ஓலை பின்னும் வீட்டிலும் நின்று பார்ப்பார், தானும் செய்து பார்ப்பார். தென்னையில் கள் இறக்குபவரையும் வலை வீசுபவரையும் சந்திப்பார். அந்த ஒவ்வொரு வீட்டுக்கும் அன்றைய பங்கு போய்ச் சேரும். கயிறு திரிக்கும் மூதாட்டி வழக்கமாகச் செய்யும் வேலையையே செய்கிறார். கயிற்றுக்கான விலையோடு, அதைக் கற்றுக் கொடுப்பதற்கான மதிப்பும் இப்போது சேர்ந்து வருகிறது.

இந்த முயற்சிக்காகக் கேரள சுற்றுலாத் துறைக்கு ஐ.நா. உலகச் சுற்றுலா அமைப்பின் யுலிசஸ் விருது கிடைத்தது. 2017 அக்டோபரில் இதற்கென்றே தனி இயக்கம் ஒன்றை மாநில அரசு தொடங்கி, குமரகத்துப் பாடத்தை மற்ற மாவட்டங்களுக்கும் கொண்டுபோனது. குமரகத்தின் எல்லாச் சிக்கலும் தீர்ந்துவிட்டன என்று இதற்குப் பொருளில்லை. வேம்பநாட்டுக் காயலின் மாசு இன்றும் பெரிய கவலைதான்.

குமரகத்தைவிட நமக்குப் பக்கத்தில் இருக்கும் கதை தேக்கடியுடையது. கம்பம், கூடலூர், லோயர் கேம்ப் தாண்டி மலையேறினால் குமுளி. ஒரே தெருவில் தமிழும் மலையாளமும் கலந்து ஒலிக்கும் ஊர். அதை ஒட்டி விரிகிறது பெரியாறு புலிகள் காப்பகம், 925 சதுர கிலோமீட்டர். 1895-இல் முல்லைப் பெரியாறு அணை எழுந்தபோது உருவான ஏரியில்தான் இன்று சுற்றுலாப் படகு ஓடுகிறது. அந்த அணைத் தண்ணீரை நம்பித்தான் தேனி, மதுரை மாவட்ட வயல்கள் இருக்கின்றன. ஆகவே பெரியாற்றுக் காட்டைக் காப்பவர்கள் நமக்கும் சேர்த்தே காக்கிறார்கள்.

அந்தக் காட்டில் 1990-களில் காட்டுப் பட்டை உரிக்கும் கும்பல்கள் இயங்கின. வயணை மரத்தின் பட்டைக்கு மசாலாச் சந்தையில் நல்ல விலை. பட்டையை உரித்தால் மரம் பட்டுப்போகும். இரவில் காட்டுக்குள் போய் நாள்கணக்கில் தங்கி, சாக்குச் சாக்காகக் கட்டிக்கொண்டு இறங்குவார்கள். வனத்துறை பிடிக்கும், வழக்குப் போடும், அவர்கள் வெளியே வருவார்கள், மறுபடியும் மலையேறுவார்கள். காட்டில் ஒளிவதும் நீதிமன்றத்துக்கு அலைவதுமாக அவர்கள் குடும்பங்கள் நலிந்தன. பட்டையில் வந்த பணத்தில் பெரும்பங்கு வியாபாரியிடம் போனது.

1996-இல் இந்தியச் சூழல் மேம்பாட்டுத் திட்டம் பெரியாற்றுக்கு வந்தபோது வனத்துறை அதிகாரிகள் வேறு வழியில் யோசித்தார்கள். இந்தக் காட்டின் ஒவ்வொரு ஓடையும், யானை போகும் ஒவ்வொரு தடமும், காவலர்கள் கண்ணில் படாத ஒவ்வொரு மறைவிடமும் யாருக்குத் தெரியும்? பட்டை உரித்தவர்களுக்குத்தான். அவர்களோடு பேச்சு நடந்தது. வழக்குகளிலிருந்து விடுவிப்பு, அதற்கு ஈடாகக் காட்டுக் காவல். சுமார் இருபது பேர் முன்வந்தார்கள். அவர்களைக் கொண்டு ஒரு குழு அமைத்து, 1998-இல் 'பெரியார் டைகர் டிரெயில்' என்ற நடைப்பயணம் தொடங்கப்பட்டது.

அந்தப் பயணத்தின் அமைப்பைக் கவனிக்க வேண்டும். விருந்தாளிகள் ஐந்து பேருக்கு மேல் போக முடியாது. கூடவே ஏறத்தாழ அதே எண்ணிக்கையில் குழு உறுப்பினர்கள், துப்பாக்கி ஏந்திய வனக்காவலர் ஒருவர். காட்டுக்குள் கூடாரம், அவர்களே சமையல். விருந்தாளிக்கு அது ஓர் அனுபவம். வனத்துறைக்கு அது ரோந்து. கடத்தல்காரர்கள் எந்த வழியில் வருவார்கள் என்று நன்கறிந்தவர்களே அந்த வழியில் நாள்தோறும் நடக்கிறார்கள். கட்டணத்தில் உறுப்பினர்களுக்கு ஊதியம் போக, மிச்சம் பொது நிதியில் சேர்கிறது. முன்பு தலைமறைவாக இருந்த மனிதர், சீருடை அணிந்து வெளிநாட்டுக்காரருக்கு மலபார் அணிலைச் சுட்டிக்காட்டுகிறார். அவர் பிள்ளை பள்ளியில் அப்பாவின் வேலையைத் தயங்காமல் சொல்கிறது. கிராமச் சுற்றுலாவின் பயனைப் பேசும் எந்தக் கணக்கேட்டிலும் இந்த மரியாதைக்கு ஒரு கட்டம் ஒதுக்கப்படுவதில்லை. ஒதுக்க வேண்டும்.

தமிழ்நாட்டு எல்லையிலிருந்து சந்தனம் வெட்ட வந்தவர்களைத் திருத்தி உருவாக்கிய குழுவுக்கு 'விடியல்' என்றே பெயர். மன்னான், பளியர் பழங்குடியினரின் குழுக்கள் காட்டு நடையை நடத்துகின்றன. மன்னான் மக்களின் கதையில் இன்னொரு பாடமும் உண்டு. அவர்கள் மிளகு விளைவிப்பவர்கள். அவசரத்துக்குக் குமுளி வியாபாரிகளிடம் வாங்கிய கடனுக்காக, விளைச்சலை முன்கூட்டியே அடிமாட்டு விலைக்கு எழுதிக் கொடுத்திருந்தார்கள். சூழல் மேம்பாட்டுக் குழு அந்தக் கடனை அடைத்து, மிளகை அவர்கள் கைக்கே மீட்டுத் தந்தது. பிறகு அதை அவர்களே நேரடியாக விற்றார்கள். சுற்றுலாவை மட்டும் கொண்டுவந்து கந்துவட்டியை அப்படியே விட்டிருந்தால், வந்த காசும் அதே வியாபாரியின் கடையில்தான் இறங்கியிருக்கும்.

இத்தனைக்கும் மேலாக, 2002 முதல் 'வசந்த சேனை' என்ற பெயரில் காட்டோரக் கிராமப் பெண்கள் முறைவைத்துக் காட்டுக்குள் ரோந்து போகிறார்கள். ஊதியம் கிடையாது. வீட்டில் ஆண்களுக்கு வருமானம் தரும் காடு நாளைக்கும் இருக்க வேண்டும் என்பதற்காகப் போகிறார்கள்.

மூன்றாவது ஊர் காந்தலூர். உடுமலைப்பேட்டையிலிருந்து சின்னாறு வழியாக மறையூர் போய், அங்கிருந்து மேலே ஏற வேண்டும். இடுக்கி மாவட்டம் என்றாலும் வீட்டு மொழி பலருக்கும் தமிழ். மதுரைப் பக்கமிருந்து வந்து அஞ்சுநாடு எனப்படும் இந்தப் பகுதியில் குடியேறியவர்கள் என்று தங்கள் முன்னோரைச் சொல்கிறார்கள். புவிசார் குறியீடு பெற்ற பூண்டு, ஆப்பிள், பிளம்ஸ், கேரட், பீன்ஸ் விளையும் மண். விளைச்சல் முழுவதையும் மொத்த வியாபாரியிடம் ஏற்றி அனுப்பிய காலம் போய், தோட்டத்துக்கே வந்து பறித்துக்கொண்டு காசு கொடுத்துப் போகும் ஆள் இப்போது உண்டு. 2023 செப்டம்பரில் மத்திய சுற்றுலா அமைச்சகம் நாடு முழுவதிலிருந்தும் தேர்ந்தெடுத்த 35 சிறந்த சுற்றுலா கிராமங்களில் தங்கம் பெற்ற ஐந்தில் ஒன்று காந்தலூர். அதே பட்டியலில் நீலகிரியின் உல்லாடாவும் இடம்பெற்றது.

விருதுக்குப் பின்னால் வரும் கூட்டம்தான் ஆபத்து. பெயர் பரவியதும் வெளியூர் முதலாளி நிலம் தேடி வருவார். நான்கு வீடுகளை வாங்கி இணைத்து, 'ஹோம்ஸ்டே' என்று பலகை மாட்டுவார். கேரளத்தின் அங்கீகார விதிப்படி வீட்டுக்காரர் அதே வீட்டில் வசிக்க வேண்டும், வாடகைக்கு ஆறு அறைக்கு மேல் கூடாது. இந்த ஒரு விதியைக் கண்டிப்பாகக் காத்தாலே பாதிக் கொள்ளை நின்றுவிடும். விதி தளரும் இடங்களில் ஊர்க்காரர் தன் நிலத்திலேயே அறை பெருக்கும் ஆளாகிவிடுகிறார்.

ஆள்வரத்து திடீரென நின்றுபோவது இன்னொரு தொல்லை. 2018 பெருவெள்ளத்தில் கேரளத்துக்கு வரவிருந்தவர்கள் திரும்பிப் போனார்கள். 2020-இல் கொரோனா எல்லா வழியையும் மூடியது. மாடும் தோட்டமும் வலையும் கையில் இருந்தவர்கள் அந்த நாள்களைக் கடந்தார்கள். கடன் வாங்கி அறை கட்டியவர்கள் தவித்தார்கள். வயலை விற்று விடுதி கட்டச் சொல்லும் எந்தத் திட்டத்தையும் ஊர் மறுக்கத்தான் வேண்டும்.

தமிழ்நாட்டில் இதற்கு முன்மாதிரி இல்லாமல் இல்லை. கோவை மாவட்டம் காரமடையிலிருந்து மலைப்பாதையில் போனால் பில்லூர் அணையின் நீர்ப்பரப்பு. அங்கே பரளிக்காட்டில் வனத்துறையும் இருளர் மக்களும் சேர்ந்து பரிசல் பயணம் நடத்துகிறார்கள். ஆண்கள் பரிசல் தள்ளுகிறார்கள். மகளிர் குழுவினர் களியும் கீரையுமாக மதியச் சாப்பாடு சமைத்துப் போடுகிறார்கள். வார இறுதியில் மட்டும், முன்பதிவு செய்த அளவான ஆள்களுக்கு மட்டும். மற்ற நாள்களில் மக்களுக்குத் தங்கள் வேலை, காட்டுக்கு அமைதி. பெரிய விளம்பரம் இல்லாமல் பல ஆண்டுகளாக ஓடுகிறது.

இருபது ஆண்டுகளுக்கு முன் மத்திய அரசும் ஐ.நா. வளர்ச்சித் திட்டமும் இணைந்து இந்தியாவில் முப்பத்தாறு இடங்களைக் கிராமச் சுற்றுலாவுக்கு எடுத்தன. கழுகுமலையும் காரைக்குடியும் அதில் இருந்தன. கட்ச் பாலைநிலத்தின் ஹோட்கா கிராமமும் இருந்தது. ஹோட்கா மக்கள் மண்ணால் வட்ட வடிவக் குடில்கள் கட்டி, தங்கள் குழுவே நடத்தும் விடுதியாக்கி, இன்றும் விருந்தாளிகளை வரவேற்கிறார்கள். கழுகுமலையில் வெட்டுவான் கோயிலும் சமணர் சிற்பங்களும் இருக்கின்றன, பார்க்க வருபவர்களும் இருக்கிறார்கள். வந்தவர் காலையில் இறங்கி, படம் எடுத்து, மதியம் கோவில்பட்டியில் சாப்பிட்டுப் போய்விடுகிறார். ஊருக்கு மிஞ்சுவது ஒரு தேநீர்க் காசு. ஹோட்காவிடம் இருப்பதும் நம்மிடம் இல்லாமல் போனதும், திட்டப் பணம் நின்ற பிறகும் தொடர்ந்து கூடிப் பேசும் ஊர்க்குழு.

தமிழ்நாட்டில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. கோயிலோ, ஏரியோ, அருவியோ பார்க்க ஆள் வரும் எந்த ஊரின் மக்களும் அடுத்த கூட்டத்தில் இந்தக் கேள்வியை எழுப்பலாம்: வருகிறவர்கள் செலவழிக்கும் பணத்தில் நம் ஊரில் எவ்வளவு தங்குகிறது? வாகன நிறுத்தக் கட்டணம் யாருக்குப் போகிறது, சாப்பாடு எங்கிருந்து வருகிறது, குப்பையை யார் அள்ளுகிறார்கள் என்று கணக்குப் பாருங்கள். அரசாணைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. ஐந்து பெண்கள் சேர்ந்து மதியச் சாப்பாட்டிலிருந்து தொடங்கலாம்.

பயணம் போகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இந்தக் கோடையில் தேக்கடிக்கோ பரளிக்காட்டுக்கோ போவதாக இருந்தால், ஊர்க் குழுக்கள் நடத்தும் பயணத்துக்கே முன்பதிவு செய்யுங்கள். ஊர்ப் பெண்கள் சமைத்ததைச் சாப்பிடுங்கள். திரும்பும்போது அவர்கள் விளைவித்த மிளகையோ பூண்டையோ அவர்களிடமே, பேரம் பேசாமல் வாங்கிக்கொண்டு வாருங்கள்.