படிக்க நின்றதும் படிப்பை நிறுத்தியதும்

சில மாதங்களுக்கு முன் ஒரு மாலைப்பொழுதில், எங்கள் அயலிலுள்ள இளைஞன் ஒருவன் கையில் ஒரு தாளுடன் படலையைத் திறந்துகொண்டு வந்தான். மேற்படிப்புக்கு உதவிப்பணம் வேண்டி அவன் எழுதிய ஆங்கில விண்ணப்பம் அது. “ஐயா, பிழை கிடந்தால் திருத்தித் தாருங்கோ” என்றான்.

விண்ணப்பத்தின் நடுவே, ‘ஐ ஸ்ரொப்ட் ரு ஸ்ரடி’ என்றொரு வாக்கியம் இருந்தது. தந்தையார் நோயுற்றபோது குடும்பத்தைத் தாங்குவதற்காக ஈராண்டு படிப்பை நிறுத்தியவன் அவன். அதைத்தான் சொல்ல நினைத்தான். எழுதியதோ, ‘செய்துகொண்டிருந்ததை விட்டுப் படிக்க நின்றேன்’ என்று பொருள் தருவது. தான் இழந்ததைச் சொல்லவந்த இடத்திலே அதற்கு நேர்மாறானதைச் சொல்லிவிட்டான். ‘ஸ்ரொப்ட் ஸ்ரடியிங்’ என்று எழுதியிருந்தால் அவன் கதை பிழையின்றிப் போய்ச் சேர்ந்திருக்கும்.

ஆங்கிலத்தில் ‘ரு’ என்னும் சொல்லை முன்னே பெற்று வரும் வடிவத்தை இன்ஃபினிற்றிவ் என்றும், ‘இங்’ என்னும் ஈறு பெற்றுப் பெயராய் நிற்கும் வடிவத்தை ஜெரண்ட் என்றும் கூறுவர். எந்த வினைக்குப்பின் எது வரும் என்பதை நம் மாணாக்கர் நீண்ட பட்டியலாக மனனம் செய்கின்றனர். பரீட்சை முடிந்ததும் மறக்கின்றனர். இதற்கு உதவக்கூடிய அளவுகோல் ஒன்று நம் வீட்டிலேயே இருக்கிறது. அது தமிழ் இலக்கணம்.

‘உண்ண வந்தான்’ என்பதில் ‘உண்ண’ என்பது செயவென் வாய்பாட்டு வினையெச்சம். அது திணை, பால், எண், இடம் என்னும் வரையறைக்கு உட்படாது. இன்ஃபினிற்றிவ் என்னும் பெயரும் வரையறையின்மையையே குறிப்பது. ‘நூலைப் படித்தல்’ என்பதில் ‘படித்தல்’ தொழிற்பெயர். பெயராய் நின்று வேற்றுமை ஏற்கும். ஆயினும் வினையைப் போல் ‘நூலை’ என்னும் செயப்படுபொருளையும் கொள்ளும். ஜெரண்டின் இயல்பும் இதுவே.

இனி ஒப்பிட்டுப் பாருங்கள். போக விரும்பினான், போக மறுத்தான், போக முயன்றான், போகத் துணிந்தான்: இங்கெல்லாம் தமிழில் செயவெனெச்சம், ஆங்கிலத்திலும் பெரும்பாலும் ‘ரு’. போவதைத் தவிர்த்தான், போவதை நிறுத்தினான், பாடுவதை இரசித்தான்: இங்கெல்லாம் தமிழில் பெயர் இரண்டாம் வேற்றுமை ஏற்கிறது, ஆங்கிலத்தில் ‘இங்’. ‘போகத் தவிர்த்தான்’ என்று நாம் ஒருபோதும் சொல்வதில்லை. அப்படியிருக்க, ஆங்கிலத்தில் மட்டும் ‘அவொயிட்’ என்பதற்குப்பின் ‘ரு’ போடுவானேன்?

‘படலையைச் சாத்த மறந்தேன்’ என்றால் படலை திறந்தே கிடக்கிறது. ‘படலையைச் சாத்தியதை மறந்தேன்’ என்றால் படலை பூட்டியிருக்கிறது, நினைவுதான் தவறிற்று. ஆங்கிலமும் இவ்விரண்டையும் இப்படியே பிரிக்கிறது: முன்னது ‘ரு குளோஸ்’, பின்னது ‘குளோஸிங்’. இனி நிகழவேண்டியதை நோக்குவது எச்சம். நிகழ்ந்துவிட்டதைப் பொருளாக எடுத்து வைப்பது பெயர்.

இவ்வளவுகோல் எங்கும் செல்லாது என்பதையும் சொல்லவேண்டும். ‘மழை பெய்ய நெல் விளைந்தது’ என்பதிலும் செயவெனெச்சமே உண்டு. அதை ‘ரு’ இட்டு மொழிபெயர்க்க இயலாது. நோக்கத்தைக் காட்டும்போது ‘பார்ப்பதற்கு வந்தேன்’ என்றும் நாம் பேசுவதால், ‘ஃபொர் சீயிங்’ என்று எழுதிவிடுகிறோம். ஆங்கிலம் அங்கே ‘ரு சீ’ என்றே கேட்கும். ‘என்னை எழுத வைத்தார்’ என்பதற்கு ‘மேட் மீ ரு றைற்’ என்போர் பலர். அங்கே ‘ரு’ வருதல் ஆகாது.

எல்லாவற்றிலும் அதிகம் இடறச் செய்வது, ‘உங்களைக் காண ஆவலோடு காத்திருக்கிறேன்’ என்னும் கடித முடிவு. ‘லுக்கிங் ஃபோவர்ட் ரு’ என எழுதியபின் ‘சீ’ என்பதா, ‘சீயிங்’ என்பதா? இங்குள்ள ‘ரு’ எச்சத்துக்கு உரியதன்று. நம் நான்காம் வேற்றுமை ‘கு’ உருபைப் போன்றது. அதன்பின் ‘உங்கள் கடிதம்’ என ஒரு பெயரை வைத்துப் பாருங்கள், பொருந்தும். பெயர் பொருந்தும் இடத்தில் தொழிற்பெயரே வரும். ஆகவே ‘சீயிங்’ என்பதே சரி.

இருமொழி இலக்கணமும் கைகோத்து நடந்த வரலாறு இம்மண்ணுக்கு உண்டு. 1823 இல் அமெரிக்க மிஷனரிமார் வட்டுக்கோட்டையில் நிறுவிய செமினரியில் ஆங்கிலத்தோடு தமிழும் கற்பிக்கப்பட்டது. 1841 இல் தோன்றிய ‘உதயதாரகை’ இரு மொழியிலும் வெளிவந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளான கறோல் விசுவநாதபிள்ளையும் சி. வை. தாமோதரம்பிள்ளையும் அச் செமினரியில் பயின்றவர்களே. அத்தாமோதரம்பிள்ளையே பின்னர் தொல்காப்பியத்தையும் வீரசோழியத்தையும் பதிப்பித்தார். பேர்சிவல் பாதிரியாரின் பாடசாலையில் ஆங்கிலமும் தமிழும் கற்பித்த ஆறுமுக நாவலரே ‘இலக்கணச் சுருக்கம்’ எழுதினார். ஒரு மொழியைக் கற்க மற்றதைக் கைவிடவேண்டும் என்று அவர்கள் கருதவில்லை.

இன்றோ, ஆங்கிலம் வரவேண்டும் என்று தமிழிலக்கணத்தை வீண் சுமையென ஒதுக்கும் பெற்றோரைக் காண்கிறோம். பாலைக் கவிழ்த்துவிட்டு நெய் தேடும் செயல் இது. எச்சத்தையும் தொழிற்பெயரையும் தன் மொழியில் இனங்காணாத பிள்ளைக்கு, பிறமொழியில் அவை வெறும் பட்டியலாகவே இருக்கும்.

அந்த இளைஞனிடம் நான் ஆங்கில விதி எதுவும் சொல்லவில்லை. “தம்பி, நீ படிக்க நின்றாயா, படிப்பதை நிறுத்தினாயா?” என்று மாத்திரம் கேட்டேன். சிறிது நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான். பின், “நிறுத்தினேன், ஐயா” என்று சொல்லிப் பேனாவை வாங்கித் தானே திருத்தினான். அதற்குக் கீழே இருந்த வேறு இரண்டு பிழைகளையும் நான் காட்டுமுன் அவனே கண்டுகொண்டான்.