அடியில் நூல் சிக்குதா? மேலே பாருங்கள்

சகோதரிகளே, திருமங்கலம், மேலூர் பக்கம் குழுக்கடனில் தையல் மெஷின் வாங்கிய உறுப்பினர்கள் பலர் மதுரைக் கடைகளுக்குப் பீஸ் கணக்கில் நைட்டி தைக்கிறார்கள். மெஷின் ஒரு நாள் நின்றால் கூலி போச்சு. தவணை மட்டும் நிற்காது.

"துணிக்கு அடியில நூல் கொத்தாச் சிக்குது" என்றதும் பாபின் கேஸ் திருகைத்தான் முறுக்குகிறோம். அது வேண்டாம். கோளாறு பெரும்பாலும் மேல் நூலில்தான். டென்ஷன் தட்டுகளுக்கு நடுவே நூல் உட்காராவிட்டால் பிடிமானம் இல்லாமல் அடியில் போய்க் குவியும். பாதத்தைத் தூக்கினால்தான் தட்டுகள் தளரும். அப்போது நூலைக் கோருங்கள். மேலும் கீழும் ஆடும் கொக்கியிலும் நூல் மாட்டியிருக்கிறதா பாருங்கள். முதல் நாலு தையலுக்கு இரண்டு நூல் நுனியையும் பின்பக்கம் பிடித்துக்கொள்ளுங்கள்.

மேல் நூல் அறுந்துகொண்டே இருந்தால் அது வேறு. டென்ஷன் இறுக்கமாக இருக்கும், இல்லை ஊசி மழுங்கியிருக்கும். ஊசியின் நீளப் பள்ளம் நூல் நுழையும் பக்கம் இருக்கணும். பருத்தி நைட்டிக்கு 14ஆம் நம்பர் ஊசி, கனமான யூனிபார்ம் துணிக்கு 16.

பாபின் கேஸை நூலைப் பிடித்துத் தொங்கவிடுங்கள். தானாக வழுக்கி இறங்கக் கூடாது. லேசாகச் சுண்டினால் கொஞ்சம் இறங்கினால் சரி. உள்ளே சேரும் பஞ்சை பிரஷ்ஷால் எடுத்து, ஒரு சொட்டு மெஷின் ஆயில் விடுங்கள். தேங்காய் எண்ணெய் ஊற்றும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. அது பிசுக்கேறி மெஷினை இறுக்கிவிடும்.