தொடர்பியல் பட்டம்: செலவும் வரவும்

மேல்நிலைத் தேர்வின் முடிவுகள் வெளிவரும் நாட்களில் சங்க அலுவலகங்களில் கடன் மனுக்கள் பெருகுவது வழக்கம். நூலுக்கும் உரத்துக்குமான மனுக்களோடு கல்லூரிக் கட்டணத்துக்கான மனுக்களும் வந்து சேரும். அவற்றுள் அண்மைக் காலமாக அடிக்கடி தென்படுவது காட்சித் தொடர்பியல் என்னும் படிப்பு. பிள்ளைகள் அதனை ‘விஸ்காம்’ என்பர். நிழற்படம், ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, விளம்பரம், செய்தி எழுதுதல் முதலியவற்றை மூன்றாண்டுகளில் கற்பிக்கும் பட்டம் அது. அதற்கு ஆகும் செலவென்ன, அதனால் வரும் ஊதியமென்ன என்று அங்கத்தினர் பலர் வினவுவதால் இதனை எழுதலானேன்.

இத்துறை நேற்று முளைத்ததன்று. சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1947-லேயே இதழியல் கல்வி தொடங்கிற்று. புதுடில்லியில் இந்திய மக்கள் தொடர்பியல் நிறுவனம் 1965-இல் நிறுவப்பெற்றது. எனினும் ஒரு வேற்றுமையை நோக்குதல் வேண்டும். வக்கீல் தொழிலுக்கும் மருத்துவத் தொழிலுக்கும் பட்டமின்றி நுழைய வழியில்லை. ஒளிப்பதிவாளருக்கோ நிருபருக்கோ அத்தகைய சட்டத் தடை யாதுமில்லை. முன்னர் எடுத்த படத்தையும் எழுதிய எழுத்தையும் கண்டே வேலை தருகின்றனர். ஆதலின் இங்கு நாம் விலை கொடுத்து வாங்குவது பட்டத்தை அன்று. கருவிகளைக் கையாளும் பழக்கத்தையும், நல்ல ஆசிரியரையும், தொழிலில் உள்ளோரின் அறிமுகத்தையுமே. இவை கிடைக்காத கல்லூரியில் செலுத்தும் கட்டணம் வீணே.

இனிச் செலவைக் காண்போம். இப்பாடம் பெரும்பாலும் சுயநிதி வகுப்பாகவே நடைபெறுவதால் கட்டணம் கல்லூரிக்குக் கல்லூரி பெரிதும் மாறுபடும். கணக்கின் பொருட்டு ஆண்டுக்கு ஓர் இலட்சம் எனக் கொள்வோம். வங்கிகளின் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தில் ரூ. 4 இலட்சம் வரை ஈடு கேட்பதில்லை. பெற்றோர் கூட்டாக ஒப்பமிட வேண்டும். படிப்புக் காலமும் அதன்பின் ஓராண்டும் தவணை இல்லை. தவணைதான் இல்லையே தவிர, வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். வட்டி நூற்றுக்குப் பத்தென்றால், முதல் இலட்சத்துக்கு நான்கு ஆண்டும், அடுத்ததற்கு மூன்றும், கடைசியதற்கு இரண்டுமாக ரூ. 90,000 சேர்ந்துவிடும். தவணை தொடங்கும் நாளில் கடன் ரூ. 3,90,000. அதனை ஐந்தாண்டில் தீர்க்க மாதம் ஏறத்தாழ ரூ. 8,286 வேண்டும். பத்தாண்டாக நீட்டினால் தவணை ரூ. 5,154-ஆகக் குறையும், ஆனால் மொத்தத்தில் ரூ. 6,18,000-க்கு மேல் கட்டியிருப்போம். மத்திய அரசு 2009-இல் வகுத்த வட்டி மானியம் தொழிற்கல்வி, தொழில்நுட்பப் படிப்புகளுக்கென ஏற்பட்டது. இப்படிப்புக்கும் அது கிட்டுமென நம்பிக்கொண்டு கையொப்பமிடலாகாது.

பிள்ளை தறியிலிருந்து எழுந்து செல்வதும் செலவே. பாவு புணைக்கவும் நூல் சுற்றவும் அவன் செய்த உதவி மாதம் ரூ. 6,000 பெறுமாயின், மூன்றாண்டில் ரூ. 2,16,000 வீட்டு வரவில் குறையும். எப்படிப்புக்கும் இது பொருந்துமெனினும் எவரும் இதனை ஏட்டில் எழுதுவதில்லை. ஒரு சேலைக்கு எத்தனை கழி நூல் என்று விரல்விட்டுச் சொல்லும் நெசவாளர், மகனின் மூன்றாண்டு உழைப்பைக் கணக்கில் விட்டுவிடுவது எனக்கு வியப்பே.

வரவுக்கு வருவோம். தொடக்க ஊதியம் ரூ. 15,000 என்றும், சென்னையில் தங்கவும் உண்ணவும் ரூ. 9,000 என்றும் கொண்டால் மீதம் ரூ. 6,000. ஐந்தாண்டுத் தவணை அதற்குள் அடங்காது. பத்தாண்டுத் தவணை போக ரூ. 846 கையில் நிற்கும். பத்திரிகையாளருக்கென 1955-இல் தனிச் சட்டம் வந்தது உண்மை. மஜீதியா ஊதியக் குழுவின் பரிந்துரைகளை 2011-இல் அரசு அறிவித்தது. 2014-இல் உச்ச நீதிமன்றம் அதனை உறுதி செய்தது. ஆயினும் ஒப்பந்த முறையில் அமர்த்தப்பட்ட பலருக்கு அப்பயன் எட்டவில்லை. திறமுடையோர் சில ஆண்டுகளில் நல்ல ஊதியம் அடைகின்றனர் என்பதையும் மறுப்பதற்கில்லை. ஆனால் கடனின் தவணை அத்துணைக் காலம் காத்திராது.

கூட்டுறவு ஆய்வாளன் என்ற முறையில் எனக்கு மிகுந்த கவலை தருவது வேறொன்று. நகைக் கடன் ஓராண்டில் மீட்க வேண்டியது; நான்காண்டு கழித்து வரக்கூடிய ஊதியத்தை நம்பி அதனை வாங்கினால் நகை ஏலத்துக்குப் போகும். பயிர்க் கடனைக் கல்லூரிக்குக் கட்டிவிட்டு மஞ்சளுக்கு உரமிடாமல் நிற்போரையும் கண்டிருக்கிறேன்.

நகைக் கடன் கேட்டு வந்த நெசவாளர் ஒருவரிடம், மகள் சேர விரும்பிய இரு கல்லூரிகளுக்கும் நேரில் சென்று வருமாறு கூறினேன். எத்தனை மாணவர்க்கு ஒரு காமிரா, கடந்த மூன்றாண்டில் படித்து முடித்தோர் இன்று எங்கு உள்ளனர், கருவிக் கட்டணம் தனியா என்று கேட்டு வந்தார். பெரிய கல்லூரியில் அனைவருக்கும் வேலை உறுதி என்றனரேயன்றி ஒருவர் பெயரையும் காட்டவில்லை. ஆண்டுக்கு ரூ. 40,000 கேட்ட அருகூர்க் கல்லூரியில் பழைய மாணவர் இருவரை வரவழைத்துப் பேசவைத்தனர். மகள் அங்கேயே சேர்ந்து வீட்டிலிருந்து பேருந்தில் சென்று வருகிறாள். நகை வீட்டிலேயே இருக்கிறது, ரூ. 1,20,000 கல்விக் கடனாகப் பெறப்பட்டது. மேற்சொன்ன முறையில் கணக்கிட்டால் ஐந்தாண்டுத் தவணை ரூ. 3,315 அளவில் வரும்.

இவ்வாண்டு மனுச் செய்ய எண்ணும் அங்கத்தினர் கல்லூரியின் கட்டண அட்டையையும் வங்கியின் வட்டி விவரத்தையும் உடன் கொணர்வாராயின், நான் சங்கத்துக்கு வரும் நாட்களில் உடனிருந்து கணக்கிட்டுத் தரச் சித்தமாயிருக்கிறேன்.