குறைமாதக் குழந்தையின் வாய்க்கு முதல் பாடம்

பால் குடிக்கப் பிள்ளைக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை என்பார்கள். நிறைமாதக் குழந்தைக்கு அது சரி. பனிக்குட நீரை மாதக்கணக்கில் விழுங்கிப் பழகிய பிறகே அது வெளியே வருகிறது. 30 வாரத்தில் பிறந்த குழந்தைக்கு அந்தப் பழக்கம் பாதியில் அறுந்துவிடுகிறது. அதற்குச் சப்பவும் வரும், விழுங்கவும் வரும். நடுவே மூச்சைச் சேர்த்துக் கோக்கத்தான் வராது. பாலும் காற்றும் தொண்டையில் ஒரே இடத்தைக் கடப்பதால், விழுங்கும்போதெல்லாம் மூச்சு ஒரு கணம் நின்றாக வேண்டும். தாளம் தப்பினால் புரையேறும், உதடு நீலம் பாரிக்கும். இந்த ஒழுங்கு பெரும்பாலும் 32 முதல் 34 வாரத்தில்தான் கூடிவரத் தொடங்குகிறது. அதுவரை மெல்லிய குழாய் வழியே பால் நேராக இரைப்பைக்குப் போகிறது.

குழாய் இருக்கும்போதே வாய்க்குப் பாடம் தொடங்கிவிட வேண்டும் என்பதே என் கருத்து. தாய் பாலைப் பீய்ச்சி எடுத்துவிட்டு, குழந்தையை மார்பில் விடுகிறார். அது மூக்கை உரசுகிறது, நாக்கை நீட்டுகிறது, நான்கு முறை சப்பிவிட்டு ஓய்கிறது. பால் அதிகம் வராததால் புரையேறும் பயம் குறைவு. பாலில்லாமல் நொடிக்கு இரண்டு முறை சப்பும் வாய், பால் வந்ததும் ஏறக்குறைய ஒரு முறையாகத் தணிகிறது. விழுங்கவும் மூச்சுவிடவும் இடம் வேண்டுமல்லவா? இப்படி வெறுவாயாகச் சப்பிப் பழகிய குழந்தைகள் குழாயிலிருந்து சீக்கிரம் விடுபடுவதை ஆய்வுகளின் தொகுப்பு காட்டியிருக்கிறது.

புட்டியில் கொடுத்தால் வேலை எளிதில் முடியாதா என்று கேட்கலாம். குழந்தை ஓய்ந்தாலும் புட்டிக் காம்பு சொட்டிக்கொண்டே இருக்கும். மூச்சுக்கு இடைவெளி கிடைக்காது. நம் வீடுகளின் பாலாடைச் சங்கு இங்கே கைகொடுக்கிறது. உலக மருத்துவ நூல்களிலும் அது ‘பாலாடை’தான். சங்கின் மூக்கைக் குழந்தையின் கீழுதட்டில் வைத்துச் சாய்த்தால் பால் உதட்டைத் தொட்டு நிற்கும். குழந்தை தானாக நக்கி எடுக்கும். வாய்க்குள் ஊற்றுவதுதான் ஆபத்து. குறையும் உண்டு: பால் வழிந்து வீணாகும். 2004இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில், சங்கைப் போலவே உதட்டில் வைத்துக் கொடுக்கும் கிண்ணத்தில் குடித்த குறைமாதக் குழந்தைகளில் கூடுதலானோர் தாய்ப்பால் மட்டுமே குடிப்பவர்களாக வீடு திரும்பினர். ஆனால் சுமார் 10 நாள் கூடுதலாக மருத்துவமனையில் இருந்தனர். அன்றாடக் கூலிக்குப் போகும் குடும்பத்துக்கு அது பெரும் பாரம். ஆகவே சங்கு இடைக்காலத் துணையாக இருக்கட்டும். மார்புக்குத் தினமும் முறை வரட்டும். உங்கள் குழந்தை குழாயில் இருந்தால், பால் இறங்கும் நேரத்தில் அதை மார்போடு அணைத்துக்கொள்ளலாமா என்று செவிலியரிடம் இன்றே கேளுங்கள்.