தண்ணீர் கேனில் 'ஓசோன்' என்று போட்டிருக்கே, அது என்ன?

வீட்டுக்கு வரும் 20 லிட்டர் தண்ணீர் கேனின் லேபிளை ஒருமுறை பொறுமையா படித்துப் பாருங்கள். பல கேன்களில் 'ஓசோன் மூலம் கிருமி நீக்கப்பட்டது' என்ற பொருளில் ஒரு வரி இருக்கும். இந்த ஓசோனை சிலிண்டரில் அடைத்து வாங்கி வர முடியாது. சீக்கிரமே சாதாரண ஆக்சிஜனாக மாறிவிடும். அதனால் தண்ணீர் நிரப்பும் ஆலையிலேயே, அப்போதைக்கு அப்போது தயாரிக்கிறார்கள். எதை வைத்து? மின்சாரத்தை வைத்து!

ஒரு வாயுவில் பாயும் மின்சாரம் அணுக்களிலிருந்து எலக்ட்ரான்களைப் பிரித்துவிட்டால், அந்த நிலைக்குப் பிளாஸ்மா என்று பெயர். மின்னலும் பிளாஸ்மாதான். ஆனால் மின்னல் பாயும் பாதை சுமார் 30,000 டிகிரி செல்சியஸ் வரை சூடாகும். அவ்வளவு சூட்டில் ஓசோன் தங்காது. நமக்கு வேண்டியது சூடேறாத பிளாஸ்மா.

இதற்கு 1857-லேயே வழி கண்டவர் ஜெர்மனியின் வெர்னர் வான் சீமென்ஸ். இரண்டு மின்முனைகளுக்கு நடுவில் சில மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, இடையில் ஒரு கண்ணாடியை வைக்க வேண்டும். பிறகு பல ஆயிரம் வோல்ட் மாறுமின்சாரம் கொடுக்க வேண்டும். கண்ணாடி இல்லையென்றால் வெல்டிங்கில் பார்ப்பது போல ஒரே தடித்த தீப்பொறி கிளம்பிவிடும். கண்ணாடி இருந்தால், அதன் மேல் மின்னூட்டம் சேர்ந்து ஓட்டத்தை உடனே அணைத்துவிடும். அதனால் மெல்லிய இழைகளாக, ஆயிரக்கணக்கில், குட்டிக் குட்டி மின்வெட்டுகள் தோன்றி மறையும். ஒவ்வொன்றின் ஆயுளும் மிக மிகக் குறைவுதான். அதற்குள் எடை குறைந்த எலக்ட்ரான்கள் மட்டும் வேகம் பிடிக்கும். கனமான வாயு மூலக்கூறுகள் சூடாக நேரமே கிடைக்காது.

வேகமான எலக்ட்ரான் மோதினால் ஆக்சிஜன் மூலக்கூறு இரண்டாக உடையும். தனித்து நிற்கும் அணு இன்னொரு ஆக்சிஜனோடு ஒட்டிக்கொள்ளும். மூன்று அணு சேர்ந்தால் ஓசோன். ஜெராக்ஸ் கடையில் மெஷின் பக்கத்தில் நின்றால் ஒரு காரமான வாசனை சில சமயம் வரும் இல்லையா, அதுவும் இதுதான்.

பிரான்ஸின் நீஸ் நகரம் 1906 முதல் குடிநீருக்கு ஓசோனைப் பயன்படுத்தியது. குளோரின் போல வாடையோ சுவையோ தண்ணீரில் தங்காது என்பது இதன் பெரிய வசதி.

சிக்கலும் அங்கேதான் இருக்கு. குளோரின் தண்ணீரில் கொஞ்ச நேரம் தங்கிக் காவல் காக்கும். ஓசோன் அப்படி நிற்காது. உங்கள் வீட்டுக்கு கேன் வரும்போது அதில் ஓசோன் மிச்சம் இருக்காது. மூடியைத் திறந்து, கழுவாத டிஸ்பென்சரில் கவிழ்த்தால் கிருமி மறுபடியும் வரும். அதோட, ஓசோன் உப்பை நீக்காது, அது ஆர்.ஓ. வேலை.

'பிளாஸ்மா', 'ஓசோன்' என்ற பெயரில் அறைக்கு வைக்கும் கருவிகளும் ஆன்லைனில் விற்கின்றன. தண்ணீருக்கு நல்லது நுரையீரலுக்கு நல்லதாகிவிடாது. வெளிக்காற்றில் 8 மணி நேரச் சராசரியாக ஒரு கன மீட்டருக்கு 100 மைக்ரோகிராம் ஓசோன்தான் நம் நாட்டில் வரம்பு. ஆஸ்துமா உள்ளவர், குழந்தைகள் இருக்கும் அறையில் ஓசோனை வெளியிடும் கருவி வேண்டவே வேண்டாம்.

கேன் வாங்கும்போது மூடியின் சீல், நிரப்பிய தேதி, 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உரிம எண் மூன்றையும் பாருங்கள். 'ஃபுட் சேஃப்டி கனெக்ட்' செயலியில் அந்த எண்ணைச் சரிபார்க்கலாம். தண்ணீரில் சந்தேகம் இருந்தால், லேபிளைப் போட்டோ எடுத்து அதிலேயே புகாரும் கொடுக்கலாம்.