சரோஜாவும் பெருமாவும்



பரிசுப் பட்டியலில் வந்த நாவல் என்றாலே, 'அதெல்லாம் நமக்குப் புரியாதுப்பா' என்று ஒதுங்கிவிடுகிறோம். பெருமாள்முருகனின் மூன்று நாவல்களை நான் அடுப்படி வேலைக்கு நடுவில்தான் படித்து முடித்தேன்.

'பூக்குழி' ஆங்கிலத்தில் போய், 2023-ல் சர்வதேச புக்கர் பரிசின் 13 புத்தகங்கள் கொண்ட நெடும்பட்டியலில் இடம் பிடித்தது. அந்தப் பட்டியலில் வந்த முதல் தமிழ் நாவல் அதுதான். பரிசு கிடைக்கவில்லை. கிடைக்காவிட்டால் என்ன, கதை மனசை அறுக்கிறது. சோடாக்கடையில் வேலை பார்த்த குமரேசன், வேறு சாதிப் பெண் சரோஜாவைக் கட்டி ஊருக்குக் கூட்டி வருகிறான். வந்த நிமிஷத்திலிருந்து மாமியார் மாராயி ஒப்பாரி. ஊர்ப் பெண்களுக்கோ ஒரே கேள்வி, 'நீ என்ன சாதி?'

எங்கள் தெருவுக்கும் போன வருஷம் வெளியூர்ப் பெண் ஒருத்தி கல்யாணமாகி வந்தாள். தண்ணி பிடிக்க வந்தவளிடம் பேரைக் கேட்குமுன்னே, "நீங்க என்ன ஆளுக?" என்றார்கள். சிரித்து மழுப்பிவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனாள். நாவலைப் படித்த பிறகு அந்தச் சிரிப்பை நினைத்தாலே பயமாயிருக்கிறது.

எனக்கு ஒரு குறை. சரோஜா நாலு வார்த்தை திருப்பிக் கேட்டிருக்கலாமே! "அந்த ஊர்ல அவளுக்கு யாரும்மா இருக்கா?" என்கிறாள் என் மகள். வாஸ்தவம்தான். ஆனாலும் மனசு ஆறவில்லை.

'பூனாச்சி' 2018-ல் ஜே.சி.பி. பரிசின் இறுதிப் பட்டியல் வரை போனது. ஆட்டுக்குட்டிக்குக் காது குத்தி சர்க்கார் கணக்கெடுக்கும் இடத்தில் சிரித்தேன். பஞ்சம் வந்ததும் சிரிப்பு போய்விட்டது.

அதே பரிசை 2023-ல் வென்றது 'ஆளண்டாப் பட்சி'. 25 லட்சம் ரூபாயாம்! என் ஓட்டும் இதற்குத்தான். அண்ணன்மார் செய்த அநியாயத்தால் கடைசித் தம்பி முத்து வேறு மண் தேடிப் போகிறான். அவனைக் கிளப்புவது பெண்டாட்டி பெருமாவின் கோபம். எங்கள் செட்டிநாட்டில் கல்யாணமான மகனை 'வேறு வைப்பது' வழக்கம். வீடு ஒன்று, அடுப்பு தனி. பங்காளிச் சண்டை எங்கே ஆரம்பிக்கும் என்று எங்களுக்குச் சொல்லித் தர வேண்டாம். மூத்தவரே அத்துமீறும்போது, 'குடும்பம் கெடும்' என்று வாயை மூடிக்கொள்ளும் பெண்கள்தானே அதிகம்? பெருமா மூடவில்லை.

மாராயி விஷயம்தான் இன்னும் உறுத்துகிறது. புருஷனை இழந்து, ஒற்றை ஆளாய் மகனை வளர்த்தவள் அவள். மாமியாராகிவிட்ட சகோதரிகளே, அவளைப் பற்றி நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? எழுதுங்களேன்.

– ஒரு வாசகி, வலையபட்டி.