நெதர்லாந்தில் வாடகை வீடா? அமைதியான தெரு என்றால் கூடுதல் உஷார்!

ஐந்தோவனுக்கோ ஆம்ஸ்டெல்வீனுக்கோ வேலை மாற்றம் கிடைத்து, விசா கைக்கு வந்து, பெட்டி கட்டிக்கொண்டிருக்கும் நேரத்தில்தான் அந்த விளம்பரம் கண்ணில் படும். மூன்று அறை, பின்பக்கம் தோட்டம், தெருவில் ஒரு சத்தம் கிடையாது. வாடகையும் நண்பர்கள் சொன்னதைவிட நானூறு ஐந்நூறு யூரோ குறைவு. ‘இன்றே முன்பணம் அனுப்பாவிட்டால் கைவிட்டுப் போய்விடும்’ என்று மனசு அடித்துக்கொள்ளும். கொஞ்சம் பொறுங்கள். அந்த வீடு ஏன் காலியானது என்று கேட்டீர்களா?

நெதர்லாந்தில் சுமார் 4 லட்சம் வீடுகளுக்குப் பற்றாக்குறை. ஆம்ஸ்டர்டாமில் வீட்டுவசதிக் கழகங்களின் மலிவு வாடகை வீட்டுக்குப் பெயர் கொடுத்தால் பத்து வருஷத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும். அப்படிப்பட்ட நாட்டில் நல்ல வீடு சும்மா கிடக்காது. இன்றைய அமைதியான தெருக்களில் பல, போர் முடிந்தபின் 1950, 60களில் அவசர அவசரமாக எழுப்பியவை. ஆம்ஸ்டர்டாமின் ஸ்லோட்டர்மேர், பாய்டன்ஃபெல்டர்ட் எல்லாம் இந்த வகை. அங்கே குடிவந்து பிள்ளை வளர்த்தவர்கள் அங்கேயே தாத்தா பாட்டியானார்கள். 2015 முதல் முதியோர் இல்லங்களில் சேர்வதற்கான விதிகளை அரசு இறுக்கிவிட்டதால், முடிந்தவரை தாங்கள் இருக்கும் வீட்டிலேயே காலம் தள்ளுகிறார்கள். ஆகவே இந்தத் தெருக்களில் ஒரு வீடு காலியானால், அங்கிருந்த முதியவர் பராமரிப்பு இல்லத்துக்குப் போயிருப்பார், இல்லையென்றால் காலமாகியிருப்பார். பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றுதான். இரண்டுமே உங்கள் ஒப்பந்தத்தை நேராகத் தொடுகிற விஷயங்கள்.

முதல் வகையைப் பார்ப்போம். அம்மா பராமரிப்பு இல்லத்தில். வீடு அவருடையதல்ல, வீட்டுவசதிக் கழகத்துடையது. திருப்பிக் கொடுத்தால் மறுபடி கிடைக்காது என்பதால் மகன் சாவியைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, சாமான்களோடு உங்களுக்கு உள்வாடகைக்கு விடுகிறார். உங்களிடம் வாங்குவது கழகத்துக்குக் கட்டுவதைப்போல் இரண்டு மடங்கு. ஆள் நல்லவராகவே தெரிவார், காபி கூடக் கொடுப்பார். கடைசியில் ஒரே ஒரு வாக்கியம் சொல்வார்: “இந்த முகவரியில் மட்டும் நீங்கள் பதிவு செய்ய வேண்டாம்.”

இந்த வாக்கியம்தான் அபாயச் சங்கு. நான்கு மாதத்துக்கு மேல் தங்க வருகிற யாரும் வந்த ஐந்து நாளுக்குள் நகராட்சியில் முகவரியைப் பதிய வேண்டும் என்பது சட்டம். அந்தப் பதிவில்தான் பி.எஸ்.என். எனப்படும் குடிமக்கள் எண் உங்களுக்குக் கிடைக்கிறது. அது இல்லாமல் சம்பளக் கணக்கு, மருத்துவக் காப்பீடு, பிள்ளையின் பள்ளி எல்லாமே இழுபறிதான். பதியாமல் இருந்தால் அபராதம் உங்கள் தலையில் விழும். பதியாமலே ஒளிந்திருந்துவிடலாம் என்றும் நினைக்காதீர்கள். அடுத்த வீட்டுப் பாட்டி நாள் முழுக்க ஜன்னலோரம் இருப்பவர். யார் வந்தார்கள், எத்தனை மணிக்கு விளக்கு அணைந்தது என்பது வரை அவருக்குத் தெரியும். கழகங்கள் திருட்டு உள்வாடகையைப் பிடிப்பதற்கென்றே ஆள் வைத்திருக்கின்றன. பிடிபட்டால் குடும்பத்தோடு தெருவில் நிற்கப்போவது நீங்கள்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. கடாஸ்டர் என்பது அந்த நாட்டின் நிலப்பதிவு அலுவலகம். சில யூரோ கட்டினால் எந்த முகவரிக்கும் உரிமையாளர் யார் என்று இணையத்திலேயே சொல்லிவிடும். அதில் வீட்டுவசதிக் கழகத்தின் பெயர் இருந்து, உங்களிடம் பேசுகிறவர் தனிநபராக இருந்தால் அதற்குமேல் பேச ஒன்றுமில்லை. வீட்டை நேரில் காட்டாமலே பணம் கேட்கும் மோசடிக்காரர்களுக்கும் இதே மருந்துதான். ‘நான் வெளிநாட்டில் இருக்கிறேன், சாவியைக் கூரியரில் அனுப்புகிறேன்’ என்கிற பேர்வழியின் பெயரும் கடாஸ்டர் காட்டும் பெயரும் பெரும்பாலும் பொருந்தாது. பொருந்தினாலும் நேரில் பார்க்காமல் ஒரு யூரோ அனுப்பாதீர்கள்; உரிமையாளரின் பெயரைத் திருடிக்கொள்வது அவர்களுக்குக் கஷ்டமான வேலை அல்ல.

இரண்டாவது வகையில் உரிமையாளர் இறந்துவிட்டார், வாரிசுகள் வீட்டை விற்கப்போகிறார்கள். விற்கும் வரை வாடகை வரட்டுமே என்று விடுவார்கள். இது முறைப்படியும் நடக்கிறது. லேக்ஸ்டான்ட்வெட் என்ற காலிவீட்டுச் சட்டத்தின்கீழ் நகராட்சி அனுமதி வாங்கினால், விற்பனைக்கு நிற்கும் வீட்டைத் தற்காலிகமாக வாடகைக்கு விடலாம். ஆனால் அந்த ஒப்பந்தத்தில் உங்களுக்கு வழக்கமான குடியிருப்போர் பாதுகாப்பு கிடையாது. குறைந்தது ஆறு மாதம் இருக்கலாம். அதன்பின் மூன்று மாத நோட்டீஸில் கிளம்பச் சொல்லலாம். பிள்ளையைப் பக்கத்துப் பள்ளியில் சேர்த்து, சைக்கிள் வாங்கிக் கொடுத்து, டச்சு பேச ஆரம்பிக்கிற நேரத்தில் வீடு விற்றுவிடும். தனியாளுக்கு இது லாபமான ஏற்பாடு. குடும்பத்துக்கு வேண்டாம் என்பேன்.

2024 ஜூலை 1 முதல் வாடகை ஒப்பந்தம் என்றாலே காலவரையற்றதாக இருக்க வேண்டும், தற்காலிகம் என்பது விதிவிலக்கு. எனவே ‘ஒரு வருஷத்துக்கு மட்டும்’ என்று யாராவது எழுதினால், எந்த விதிவிலக்கின்கீழ் என்று கேளுங்கள். காலிவீட்டுச் சட்டம் என்றால் நகராட்சி அனுமதியின் நகலைக் காட்டச் சொல்லுங்கள். வாரிசுகள் பலர் என்றால் நோட்டரி கொடுத்த வாரிசுச் சான்றையும் பாருங்கள். அண்ணன் மட்டும் கையெழுத்துப் போட்டுவிட்டு, தங்கை பிறகு வந்து நிற்கிற கதை அங்கேயும் உண்டு.

வீட்டுக்காரப் பாட்டி இன்னும் வீட்டிலேயே இருந்துகொண்டு, ஓர் அறையை மட்டும் விடுகிறார் என்றால் அது வேறு ஏற்பாடு. முதல் ஒன்பது மாதத்துக்குள் பெரிய காரணம் சொல்லாமலே மூன்று மாத நோட்டீஸில் உங்களை அனுப்பிவிட அவருக்கு உரிமை உண்டு.

இனி வீட்டுக்குள் வாருங்கள். காகிதம் சரியாக இருந்தாலும் கட்டடத்துக்கு வயது ஆகிவிட்டதே!

வாசலை ஒட்டி மீட்டர்கள் இருக்கும் சின்ன அலமாரியைத் திறந்து, தண்ணீர்க் குழாயைப் பாருங்கள். மங்கிய சாம்பல் நிறத்தில், நேராக இல்லாமல் மெதுவாக வளைந்து போகிறதா? நாணயத்தால் லேசாகச் சுரண்டினால் வெள்ளிபோல் மின்னுகிறதா? அது ஈயக்குழாய். 1960க்கு முன் கட்டிய வீடுகளில் இன்னும் ஆங்காங்கே மிச்சமிருக்கிறது. கர்ப்பிணிகளும் புட்டிப்பால் குடிக்கும் குழந்தைகளும் இருக்கும் வீட்டில் அந்தத் தண்ணீர் கூடவே கூடாது. மாற்றித் தரவேண்டியது வீட்டுக்காரர் பொறுப்பு.

அடுத்தது சமையலறைச் சுவர். வெந்நீருக்காகச் சின்ன கேஸ் கெய்சர் தொங்குகிறதா, புகை வெளியே போகக் குழாய் இருக்கிறதா என்று பாருங்கள். குழாய் இல்லாத பழைய கெய்சரும், ஜன்னலில் குளிர்காற்று வருகிறதென்று டேப் ஒட்டி அடைக்கும் நம்மவர் பழக்கமும் சேர்ந்தால் உயிருக்கே உலை. நிறமும் வாசனையும் இல்லாத கார்பன் மோனாக்சைடு தூக்கத்திலேயே ஆளைக் கொண்டுபோய்விடும். சுடர் நீலமாக இல்லாமல் மஞ்சளாக எரிந்தால் உடனே அணையுங்கள். ஒவ்வொரு தளத்திலும் புகை எச்சரிக்கைக் கருவி 2022 ஜூலை முதல் கட்டாயம், ஆனால் அது இந்த வாயுவைக் கண்டுபிடிக்காது. இதற்கென்று தனிக் கருவியை நீங்களே வாங்கி மாட்டுங்கள்.

தரை விஷயம் நம்மூர்க்காரர்களுக்கு நம்பவே கடினம். ‘காள்’ என்று விளம்பரத்தில் போட்டிருந்தால் வெறும் சிமெண்டுத் தரைதான். பழைய குடித்தனக்காரர் பலகையையும் திரைச்சீலையையும் விளக்கையும் கழற்றிக்கொண்டு போயிருப்பார். நீங்கள் செலவு செய்து போட வேண்டும். அவசரப்பட்டு, அடியில் ஒட்டியிருக்கும் பழைய வினைல் விரிப்பைக் கிழித்து எடுத்துவிடாதீர்கள். 1980களின் தொடக்கம் வரை வந்த சில விரிப்புகளின் அடிப்பக்கத்தில், சாம்பல் நிற அட்டைபோன்ற படலத்தில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். அதைச் சுரண்டினால் இழைகள் வீடெங்கும் பறக்கும். முதலில் வீட்டுக்காரரிடம் எழுத்தில் கேளுங்கள்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாக: 2023 ஜூலை 1க்குப் பின் போட்ட ஒப்பந்தம் என்றால் முன்பணம் இரண்டு மாத அடிப்படை வாடகைக்கு மேல் வாங்கக்கூடாது. வீட்டுக்காரருக்காக வேலை செய்யும் தரகர் உங்களிடமும் கமிஷன் கேட்டால் அது சட்டப்படி செல்லாது. வீட்டின் பரப்பு, எரிசக்தித் தரம் எல்லாவற்றுக்கும் புள்ளி போட்டு, 186 புள்ளி வரை உச்ச வாடகை இவ்வளவுதான் என்று அரசே வரம்பு கட்டியிருக்கிறது. அந்தப் புள்ளிக் கணக்கை ஒப்பந்தத்தோடு கேட்டு வாங்குங்கள். வாடகை அதிகம் என்று தெரிந்தால் ஹூர்கொமிஸி என்ற வாடகை ஆணையத்திடம் போகலாம், தாமதிக்காமல் போங்கள்.

வீடு பார்க்கப் போகும்போது மாடிப்படியைக் கவனியுங்கள். முதியவர்களை உட்காரவைத்து மேலே ஏற்றும் நாற்காலிக்கான தண்டவாளம் இன்னும் சுவரோரம் இருந்தால், அதில் ஏறிப்போனவர் இப்போது எங்கே என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் பக்கத்து வீட்டு மணியை அடியுங்கள். அந்தப் பாட்டி சொல்வார். கம்பெனி கொடுக்கும் தற்காலிகத் தங்குமிடத்தை இன்னும் இரண்டு வாரம் நீட்டித் தரச் சொல்லிக் கேட்பதில் வெட்கமே வேண்டாம். எவ்வளவு அழகான தோட்டமாக இருந்தாலும், எவ்வளவு குறைந்த வாடகையாக இருந்தாலும், ‘இங்கே பதிவு செய்ய முடியாது’ என்று சொன்னால் அந்த இடத்திலேயே நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.